லுகோசியின் கடைசிப் படங்கள்: கைகொடுத்தார்களா, சுரண்டினார்களா?

பழையபிரிண்ட் எழுதியது:

ஒரே வாரத்தில் இரண்டு படங்கள் பார்த்தேன். இரண்டாவது முடிந்தபிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் படம் 1955இல் வந்த ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’. அதில் ஹாலிவுட் பேய்ப்பட நடிகர் பெலா லுகோசி, 72 வயது. இரண்டாவது 1968இல் வந்த ‘டார்கெட்ஸ்’. அதில் போரிஸ் கார்லாஃப், எண்பதைத் தொட்டவர். இருவரும் 1931இல், யூனிவர்சல் ஸ்டுடியோவில், ஒன்பது மாத இடைவெளியில் உலகத்துக்கு அறிமுகமானவர்கள். பிப்ரவரியில் லுகோசியின் டிராகுலா, நவம்பரில் ஃபிராங்கென்ஸ்டைன் என்ற விஞ்ஞானி உருவாக்கிய அந்த ஜந்துவாகக் கார்லாஃப். ஒரே வாசலில் நுழைந்த இருவரில் ஒருவர் கௌரவமாக வெளியேறினார். மற்றவரைக் கசக்கிப் பிழிந்து வெளியே போட்டார்கள்.

‘டார்கெட்ஸ்’ பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கார்லாஃப் அதில் பைரன் ஆர்லாக் என்னும் வயதான பேய்ப்பட நடிகராக வருகிறார். செய்தித்தாளில் தினமும் வரும் கொலைகளுக்கு முன்னால் தன் படங்கள் யாரையும் பயமுறுத்தாது என்று சொல்லி ஓய்வு பெற முடிவு செய்கிறார். இன்னொரு பக்கம், சாதாரணக் குடும்பத்து இளைஞன் ஒருவன் காரணமே இல்லாமல் துப்பாக்கியை எடுக்கிறான். 1966இல் டெக்சாஸில் ஒருவன் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிச் சுட்டுத்தள்ளிய நிகழ்ச்சிதான் அதன் வேர். கடைசியில் திறந்தவெளித் திரையரங்கில் கிழவர் கைத்தடியோடு அந்த இளைஞனை நோக்கி நடந்துபோய்க் கன்னத்தில் அறைகிறார். நிஜத்தில் கார்லாஃபின் கால்களுக்கு உலோகத் தாங்கிகள், நுரையீரலில் பாதிகூட வேலை செய்யவில்லை. அந்த நடையில் நடிப்பு எது, வலி எது என்று பிரிக்க முடியாது. பீட்டர் போக்டனோவிச் என்ற 28 வயது இளைஞர் ஒரு கிழவருக்குக் கொடுத்த மரியாதை அது.

லுகோசிக்கு என்ன கிடைத்தது? எட் வுட் என்ற மலிவுப்பட இயக்குநர் கிடைத்தார். அசையாத ரப்பர் ஆக்டோபஸோடு கட்டிப் புரளும் காட்சி கிடைத்தது. மார்ஃபின் பழக்கத்தால் உடல் எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு மனிதரைக் கேமராவுக்கு முன் நிறுத்தி, அவர் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டுக்கொண்டார்கள். இறந்த பிறகும் விடாமல், மிச்சமிருந்த சில அடி ஃபிலிமை வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை இன்றும் கூட்டம் கூடிச் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள்.

இந்தப் படங்களை நாம் கொண்டாடக் கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரட்டும்.

மேடைக்காரன் எழுதியது:

தம்பி, மறுக்க நான் வருகிறேன். முப்பது வருடம் நாடக மேடையில் நின்றவன். இப்போது வயது 71. யாரும் கூப்பிடுவதில்லை.

நடிகனுக்கு அவமானம் எது என்று உங்களுக்குத் தெரியாது. மோசமான படத்தில் நடிப்பது அவமானம் என்று நினைக்கிறீர்கள். தொலைபேசி ஒலிக்காமல் இருப்பதுதான் அவமானம். லுகோசி அதை எட் வுட் வருவதற்கு முன்பே முழுதாக அனுபவித்துவிட்டார். 1930களின் நடுவில் பிரிட்டனில் பேய்ப்படங்களுக்கு எதிர்ப்பு வலுத்து, ஹாலிவுட் அந்த வகையையே கைவிட்டபோது ஏறத்தாழ இரண்டு வருடம் அவருக்கு வேலை இல்லை. மகன் பிறந்தது 1938 ஜனவரியில், அந்த வறட்சிக்குள்ளேதான். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்னத் தியேட்டர் டிராகுலா, ஃபிராங்கென்ஸ்டைன் இரண்டையும் தூசி தட்டிப் போட, கூட்டம் தெருவை அடைத்தது. அதைப் பார்த்துத்தான் யூனிவர்சல் ‘சன் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்’ எடுக்க முன்வந்தது. அதில் லுகோசிக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கஷ்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்து சம்பளத்தைப் பாதியாகக் குறைத்து, அவர் காட்சிகளை ஒரே வாரத்தில் முடித்து அனுப்பிவிடத் திட்டமிட்டார்கள். இயக்குநர் ரோலண்ட் லீக்குக் கோபம் வந்து, படப்பிடிப்பு முடியும்வரை அவரைத் தளத்திலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்த பாத்திரம்தான் கழுத்து முறிந்த ஈகோர். என்னைக் கேட்டால் டிராகுலாவைவிட அதுவே அவருடைய பெரிய நடிப்பு.

1943இல் இன்னும் மோசம். ‘ஃபிராங்கென்ஸ்டைன் மீட்ஸ் தி உல்ஃப் மேன்’ படத்தில் 60 வயதில் அவருக்கு ஜந்து வேடம். கதைப்படி அந்த ஜந்துவுக்குக் கண் தெரியாது. அதனால் கைகளை முன்னால் நீட்டித் தடவித் தடவி நடக்கிறார். அதை விளக்கும் வசனத்தையும், அவர் பேசிய மற்ற எல்லா வசனத்தையும் வெளியீட்டுக்கு முன் வெட்டி எறிந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது கிழட்டு நடிகர் ஒருவர் காரணமில்லாமல் துழாவுவதுபோலத் தெரிந்தது. இதைச் செய்தது ஏழை எட் வுட் இல்லை. பணக்கார ஸ்டுடியோ.

உங்கள் கோபம் நியாயம். அதை அனுப்ப வேண்டிய விலாசம் வேறு.

கடைசிவரிசை எழுதியது:

மேடைக்காரன் ஐயா சொன்ன 1943 விஷயம் எனக்குப் புதிது. இன்றைக்குக் குழந்தைகள்கூட அந்த ஜந்துபோல நடித்துக்காட்டும்போது கையை நீட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அவர்கள் அறியாமல் லுகோசியின் வெட்டப்பட்ட நடிப்பை நடிக்கிறார்கள்! இதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

பழையபிரிண்ட் நண்பரே, ‘கசக்கிப் பிழிந்து’ என்று எழுதினீர்கள். 1948ஐ மறந்துவிட்டீர்கள். ‘அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கென்ஸ்டைன்’. நகைச்சுவைப் படம். முழுநீளப் படத்தில் அவர் டிராகுலாவாக வந்தது வாழ்நாளில் இரண்டே முறை, அதில் இரண்டாவது அது. சுற்றிலும் எல்லாரும் கோமாளித்தனம் செய்ய, 65 வயதுக்காரர் ஒருவர் மட்டும் துளிகூட அசையாமல் பிரபுவாக நிற்கிறார். படம் வேலை செய்வதே அவரால்தான். முதுமையில் அவர் தொட்டதெல்லாம் அவமானம் என்பது உண்மை இல்லை.

பழையபிரிண்ட் எழுதியது:

1948 படத்தை நான் குறை சொல்லவே இல்லை. என் கேள்வி 1953க்குப் பிறகு உள்ள மூன்று ஆண்டுகளைப் பற்றியது.

ஐயா, ஸ்டுடியோ செய்த கொடுமையைச் சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். முதல் டிராகுலா படத்துக்கே மொத்தம் 3,500 டாலர்தான் கொடுத்தார்கள். வாரம் 500, ஏழு வாரம். நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் 261 காட்சிகள் அந்த வேடத்தைப் போட்டு ஊரையே மயக்கியவருக்கு அந்தச் சம்பளம். ஆனால் முந்தையவன் திருடினான் என்பதற்காகப் பிந்தையவன் எடுத்தது தானமாகிவிடாது. எட் வுட்டுக்கு லுகோசி தேவைப்பட்டது நடிகராக இல்லை, விலாசமாக. ஒரு நாள், இரண்டு நாள் அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்து எதையாவது பேசச்சொல்லி எடுத்தால் அவர் பெயரை வைத்துப் படத்தை விற்கலாம். எட் வுட் 1953இல் எடுத்த ‘கிளென் ஆர் கிளெண்டா’ பாருங்கள். கதைக்கும் அவருக்கும் ஒட்டே இல்லை. அவருடைய மகன் பிற்காலத்தில் எட் வுட்டைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியிருக்கிறார், தன் தந்தையைப் பயன்படுத்திக்கொண்டவர் என்று. பெற்ற பிள்ளை சொல்வதை நாம் எப்படித் தள்ள முடியும்?

ஒருவர் தண்ணீரில் மூழ்கும்போது கைகொடுப்பவர் வேறு, அவர் சட்டைப் பையில் கைவிடுபவர் வேறு.

இரவுப்பணி எழுதியது:

இங்கே மார்ஃபின் என்ற சொல் போகிறபோக்கில் வந்துவிட்டது. போதை மீட்பு வார்டில் பதினோரு வருடம் செவிலியராக இருந்தவள் நான். அதனால் அந்த இடத்தில் நின்று பேசுகிறேன்.

லுகோசி போதைக்காரராகப் பிறக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தில் காலாட்படை அதிகாரியாக இருந்து காயம்பட்டவர். பிறகு காலில் இறங்கும் தாங்கமுடியாத நரம்பு வலி. மருத்துவர்கள் கொடுத்த வலி மருந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டது. இப்படி வந்தவர்களை என் கையால் எத்தனை பேரைப் படுக்கையில் கிடத்தியிருக்கிறேன். முதுகுவலிக்குத் தொடங்கிய ஊசி, இருபது வருடம் கழித்து வீட்டை விற்க வைத்திருக்கும்.

1955 ஏப்ரலில் அவர் தானாகப் போய்த் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அதிகாரிகளிடம் நின்றார். நார்வாக்கில் இருந்த அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இதை எல்லாரும் மூடி மறைப்பார்கள். இவர் செய்தியாளர்களிடம் மறைக்காமல் பேசினார். 72 வயதில், ஊரறிய, நான் இதற்கு அடிமை, என்னைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பதற்கு என்ன நெஞ்சு வேண்டும்! அவருடைய இறுதி ஆண்டுகளைப் பற்றிப் பேசும் யாரும் இதை முதலில் சொல்லாமல் ஆக்டோபஸைச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

அந்த மே மாதம் எட் வுட்டும் நண்பர்களும் ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ முதல் காட்சியை அவருடைய மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டவே நடத்தினார்கள். பெரிதாக ஒன்றும் வசூலாகவில்லை. ஆனாலும் நடத்தினார்கள். அதுவரை அறிமுகமே இல்லாத பாடகர் ஃபிராங்க் சினாட்ரா உதவினார். பெரிய ஸ்டுடியோக்கள் என்ன செய்தன என்று தேடிப்பாருங்கள்.

ஆகஸ்டில் வெளியே வந்தார். வரும்போதே எட் வுட்டின் அடுத்த திரைக்கதையைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசினார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. பரவாயில்லை. எங்கள் வார்டில் வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு கேள்வி கேட்போம்: நாளைக் காலை எழுந்ததும் என்ன செய்வீர்கள்? பதில் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. தரையைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. அந்த இரண்டாம் வகையினரை நாங்கள் பெரும்பாலும் மறுபடியும் பார்த்திருக்கிறோம். லுகோசியிடம் பதில் இருந்தது. அதைக் கொடுத்தவர் எவ்வளவு மோசமான இயக்குநராக இருந்தால் எனக்கென்ன?

இதற்கு ஒரு மறுபக்கமும் எனக்குத் தெரியும். மீண்டுவரும் நோயாளி யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். ஒப்புதல் என்று அதைச் சொல்லிவிட முடியாது. எட் வுட் இதை யோசித்தவராகத் தெரியவில்லை. அந்த அளவில் பழையபிரிண்ட் சொல்வதில் எனக்கும் உறுத்தல் உண்டு.

பழையபிரிண்ட் எழுதியது:

அக்கா, ஏப்ரல் 1955 குறித்து நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் அந்த ஒரு வரியை மாற்றி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ‘எலும்பும் தோலும்’ என்று எழுதியவன், அவர் தானாகப் போய் நின்றார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

ஆனால் கடைசிப் பத்தியில் நீங்கள் சொன்னதுதான் என் முழு வாதமும்.

மேடைக்காரன் எழுதியது:

கார்லாஃப் கௌரவமாக வெளியேறினார் என்ற பேச்சுக்கு வருகிறேன். யாராவது சரிபார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

‘டார்கெட்ஸ்’ எப்படி வந்தது? தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்குக் கார்லாஃப் ஒப்பந்தப்படி இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளை வீணாக்காமல், பழைய ‘தி டெரர்’ படத்திலிருந்து கொஞ்சம் காட்சிகளையும் ஒட்டி, மலிவாக ஒரு படம் செய்துகொடு என்று போக்டனோவிச்சிடம் சொல்லப்பட்டது. கவனியுங்கள். மிச்சமிருக்கும் நடிகர், மிச்சமிருக்கும் ஃபிலிம். எட் வுட் செய்ததற்கும் இதற்கும் தொடக்கத்தில் என்ன வித்தியாசம்? எழுத்து நன்றாக அமைந்தது, கார்லாஃபுக்குப் பிடித்தது, இரண்டு நாளுக்கு வந்தவர் ஐந்து நாள் இருந்தார், கூடுதல் நாளுக்குப் பணம் வாங்கவில்லை. மரணத்தைச் சந்தையில் பார்த்து சமாரா நகருக்கு ஓடும் வேலைக்காரனின் கதையை ஒரே டேக்கில் சொல்லி முடித்ததும் படக்குழு கைதட்டியது. அந்தக் காட்சிக்கு நானும் வீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் அது அவருடைய கடைசிப் படம் இல்லை. 1968இல் அதற்குப் பிறகு ஒரு மெக்சிகோ தயாரிப்பாளருக்காக நான்கு படங்கள் நடித்தார். மெக்சிகோவரை பயணம் செய்ய உடல் இடம்கொடுக்காததால் அவர் காட்சிகளை மட்டும் லாஸ் ஏஞ்சல்ஸிலேயே எடுத்தார்கள். சக்கர நாற்காலி, பக்கத்தில் ஆக்சிஜன். 1969 பிப்ரவரி 2இல் இறந்தார். அந்த நான்கும் அவர் போனபிறகு 1971வரை ஒவ்வொன்றாக வந்தன. பார்த்திருக்கிறீர்களா? எட் வுட் படங்களில் இருக்கும் பாசம்கூட அவற்றில் இல்லை.

அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பணத்துக்கும் பெரிய தேவை இல்லை. ‘கிரிஞ்ச்’ கார்ட்டூனுக்குக் கதைசொல்லியாகக் குரல் கொடுத்து கிராமி விருது வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் போனார். வேலை செய்துகொண்டே போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. இதை அவமானம் என்றால், அவரிடமே போய்ச் சொல்லியிருந்தால் கைத்தடியை எடுத்திருப்பார்.

சட்டம்படித்தவள் எழுதியது:

நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எட் வுட் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியிலேயே எல்லாரும் நிற்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே சின்னதாகத் தெரிகிறது. 73 வயதில் ஒருவருக்கு எட் வுட்டை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை எப்படி வந்தது?

தேதிகளை மட்டும் பாருங்கள். லுகோசி இறந்தது 1956 ஆகஸ்ட் 16. யூனிவர்சல் தன் பழைய பேய்ப்படங்களை ஒரு மூட்டையாகக் கட்டித் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது 1957 அக்டோபரில். 52 படங்கள். டிராகுலாவும் அதில் உண்டு. ஒவ்வொரு ஊர் நிலையமும் நள்ளிரவில் அவற்றை ஓட்ட, ஒரு தலைமுறைக் குழந்தைகள் முழுவதும் பைத்தியமாகிவிட்டார்கள். கார்லாஃப் உயிரோடு இருந்தார். அந்த அலை அவரைத் தூக்கியது. 1960இல் தொலைக்காட்சியில் ‘திரில்லர்’ என்ற தொடரையே தொகுத்து வழங்கினார். லுகோசி பதினான்கு மாதம் முன்னால் போய்விட்டார்.

உயிரோடு இருந்திருந்தாலும் அந்த ஒளிபரப்புக்காக ஒரு சென்ட்கூட அவருக்குச் சட்டப்படி வந்திருக்காது. திரைப்படங்களைத் தொலைக்காட்சியில் ஓட்டுவதற்கு நடிகர்களுக்குப் பங்கும், ஓய்வூதியமும் 1960 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தன, அதிலும் 1960க்கு முந்தைய படங்களுக்குப் பங்கு கிடையாது. இதில் எனக்குத் தாங்கமுடியாதது எது தெரியுமா? அந்தத் திரை நடிகர் சங்கத்தை 1933இல் கட்டியெழுப்பிய காலத்திலேயே சேர்ந்தவர்கள் இந்த இருவரும். கார்லாஃப் உறுப்பினர் எண் 9, லுகோசி 28. அதற்கும் முன்பே, 1919இல் புடாபெஸ்டில் நடிகர்களைச் சங்கமாகத் திரட்டியதால்தான் அங்கிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தபோது லுகோசி நாட்டைவிட்டே ஓட வேண்டியிருந்தது. சங்கத்துக்காக ஊரை இழந்தவர், சங்கம் வாங்கித்தந்த ஓய்வூதியத்தைப் பார்க்காமல் செத்தார்.

பிறகு முகம். 1960 முதல் யூனிவர்சல் அவர் முக அமைப்பில் டிராகுலா முகமூடிகள், பொம்மைகள் செய்ய உரிமம் விற்றது. மனைவியும் மகனும் வழக்குப் போட்டார்கள். 1979இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. தன் முகத்தை வைத்து வாழ்நாளில் அவர் வியாபாரம் எதுவும் செய்யவில்லை, ஆகவே அந்த உரிமை அவரோடு போய்விட்டது, வாரிசுக்கு வராது என்று தீர்ப்பு. அந்த அநியாயம் கண்ணில் பட்டதால்தான் இறந்த கலைஞர்களின் பெயரையும் முகத்தையும் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1985இல் நடைமுறைக்கு வந்தது. இன்று வேறு நடிகர்களின் குடும்பங்கள் அதனால் பயன்பெறுகின்றன.

பழையபிரிண்ட் சார், நீங்கள் எட் வுட்டின் சட்டைப்பைக் கதையைச் சொன்னீர்கள். அந்தப் பையில் சில்லறை எடுத்தவரை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டையையே எடுத்துப்போனவர்கள் நடந்து போய்விட்டார்கள்.

கடைசிவரிசை எழுதியது:

மேலே உள்ள பதிவுக்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் ‘சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

லுகோசியின் மிச்சக் காட்சிகளை வைத்து எட் வுட் எடுத்த அந்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தை விடுதியில் ஆறு பேர் போட்டோம். அட்டைக் கல்லறைகள் ஆடுவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். லுகோசி இறந்தபின் அவருக்குப் பதிலாக எட் வுட்டின் மனைவிக்கு எலும்பு வைத்தியம் பார்த்தவர், மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு வருவார். உயரமும் பொருந்தாது. அதற்கும் சிரித்தோம். ஆனால் படத்தின் தொடக்கத்தில் உண்மையான லுகோசி வருகிறார். மனைவியை இழந்த முதியவர். வீட்டைவிட்டு வெளியே வந்து, ஒரு பூவைப் பறித்து முகர்கிறார். முகம் உடைகிறது. திரையின் ஓரத்துக்கு நடந்து மறைகிறார். அந்த இடத்தில் எங்களில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்காதே என்று சொல்லவும் இல்லை. அன்று இரவே அவர் யாரென்று தேடினேன். 1931க்கு நான் வந்தது 1956 வழியாகத்தான். அந்தக் கதவை அடைத்துவிடுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நான் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. இன்று பார்க்கிறேன்.

பழையபிரிண்ட் எழுதியது:

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ படத்தை மறுபடியும் பார்த்தேன், இந்த முறை ஆக்டோபஸுக்காக இல்லாமல்.

நடுவில் ஒரு காட்சி உண்டு. அவருடைய பாத்திரமான விஞ்ஞானியைத் தேடித் தாய்நாட்டிலிருந்து ஒருவர் வருகிறார், திரும்பி வந்துவிடுங்கள் என்று அழைக்கிறார். லுகோசி பதில் சொல்லத் தொடங்குகிறார். தனக்கு வீடு இல்லை என்கிறார். விரட்டப்பட்டதை, இகழப்பட்டதை, காட்டு விலங்குபோல வாழ நேர்ந்ததைச் சொல்கிறார். 1919இல் ஹங்கேரியைவிட்டு ஓடியவர், அந்தப் பக்கம் திரும்பிப் போகவே இல்லாதவர், அந்த வசனத்தைப் பேசுகிறார். எட் வுட் எழுதிய வசனம் அது. மிகையான வசனம்தான். ஆனால் அவர் அதற்குள் இறங்கிவிட்டார். கை நடுங்குகிறது, குரல் நடுங்கவில்லை. திரையில் அவர் பேசிய கடைசி நீண்ட பேச்சு அது. அடுத்து வந்த ‘தி பிளாக் ஸ்லீப்’ பெரிய விநியோகஸ்தர்களின் படம், நல்ல நடிகர்கள், ஒழுங்கான தளம். அதில் அவருக்கு ஊமை வேலைக்காரன் வேடம்.

பேசத் தெரிந்த கிழவருக்கு ஒரு பக்க வசனம் கொடுத்தவர் யார், வாயை அடைத்தவர் யார் என்று மேடைக்காரன் ஐயா முதல் பதிவிலேயே கேட்காமல் கேட்டுவிட்டார். அந்தப் படத்தைப் பொறுத்தவரை என் கட்சியை விட்டுக்கொடுக்கிறேன். கொண்டாடுங்கள். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

‘பிளான் 9’ விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூ பறிக்கும் காட்சி உயர்ந்தது, கடைசிவரிசை சொல்வது சரி. அது எந்தப் படத்துக்காக எடுக்கப்படுகிறது என்று தெரியாமல் அவர் நடித்தது அது. இறந்தவரிடம் கேட்க முடியாது. கேட்க முடியாதபோது எடுக்காமல் இருப்பதுதான் முறை. மேலங்கிக்குப் பின்னால் வேறொருவரை ஒளித்துவைத்து அவர் பெயரை முன்னால் போட்டதை எந்தப் பாசமும் நியாயப்படுத்தாது. கல்லறையில்கூட டிராகுலா மேலங்கியோடுதான் அவரைப் புதைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கிறேன்.

மேடைக்காரன் எழுதியது:

மேலங்கி விஷயத்தில் ஒரு திருத்தம். அவர் அப்படிக் கேட்டதாக ஊரெல்லாம் கதை உண்டு. மகனும், மகனின் தாயும் சேர்ந்து எடுத்த முடிவு அது, அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து. அதில் வியாபாரம் எதுவும் இல்லை. வேட்டி கட்டிப் பழகிய அப்பாவைப் பேன்ட் போட்டு அனுப்புவோமா?

‘பிளான் 9’ பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் சம்மதம். நான் செத்தபின் என் வேடத்தில் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதை நானும் விரும்ப மாட்டேன்.

அந்தப் பூக் காட்சியை மறுபடி பார்க்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒலியை முழுதாகக் குறைத்துவிடுங்கள். மேலே ஓடும் கதைசொல்லியின் குரல் பிற்பாடு ஒட்டியது; எடுக்கும்போது ஒலிப்பதிவே இல்லை. பேசவும் வேண்டாம், கேட்கவும் ஆள் இல்லை. புடாபெஸ்ட் தேசிய நாடக அரங்கில் நின்ற மனிதர், 1922இல் அமெரிக்காவில் ஆங்கிலமே தெரியாமல் வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து மேடையேறியவர், இந்த முறை எந்த மொழியும் தேவைப்படாமல் நிற்கிறார்.

இரவுப்பணி எழுதியது:

பார்த்தேன். ஒலியைக் குறைத்துவிட்டு இரண்டாவது முறையும் பார்த்தேன். பூவைக் கையில் எடுத்தபின் அவர் உடனே நகரவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு வருடத்துக்குச் சற்றே மேல் மட்டும் வாழ்ந்த மனிதர். நாளைக் காலை என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்டதற்கு இந்தப் படப்பிடிப்பைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.